பற்றறிக்குப் பின்னாலை வைச்ச விபூதி

“வாயை மூடுங்கோ அன்ரி! உங்கடை விபூதியாலைதான் என்ரை பிள்ளை சாகப்போகுது!”

யோகமலர் என்ரை குசினிக்குள்ளை நிண்டு இப்பிடித்தான் கத்தினவள். வாடகைக்கு இருக்கிறவள், வீட்டுக்காரியைப் பாத்து. நானும் விடேல்லை.

“என்ரை விபூதியோ? அது கோயில் விபூதி. அதை மெசினுக்குள்ளை வைச்சுப் பூட்டினது ஆர், நானோ? எனக்கு ஒரு ஸ்குறூ கழட்டத் தெரியுமோடி?”

“வைக்கச் சொன்னது ஆர்?”

“நான் பூசு எண்டுதான் சொன்னனான்.”

“சிஸ்ரரிட்டைக் குடுக்கிற சாமானிலை எப்பிடிப் பூசுறது? கண்ணுக்குத் தெரியாத இடமாப் பாத்து வை எண்டு நீங்கள்தானே சொன்னியள்!”

சொன்னனான்தான். இப்ப ஒத்துக்கொள்ளுறன், அண்டைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. அவள் கையிலை இருந்த அகப்பையைச் சிங்குக்குள்ளை எறிஞ்சுபோட்டு, பேஸ்மென்ற் படியாலை தடதடவெண்டு இறங்கிப் போட்டாள். புட்டுப்பானை தண்ணி வத்திப் புகைஞ்சுது. நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டுக் கதிரையிலை இருந்தன். அவள் சொன்னது பிழையில்லை எண்டு எனக்குத் தெரியும்.

அது ரெண்டாயிரத்து ஒன்பது, மாசி மாதம். வன்னியிலை சண்டை முத்தி, சனம் கொஞ்சம் கொஞ்சமா ஆமியின்ரை பக்கம் தப்பி வரத் துவங்கின நேரம். அப்பிடிச் சனம் வாற இடத்திலை ஆரோ ஒரு பொம்பிளை உடம்பிலை குண்டைக் கட்டிக்கொண்டு போய் வெடிச்சதெண்டு அண்டைக்குச் செய்தி. இனிப் பொம்பிளையளையும் குமர்ப்பிள்ளையளையும் வடிவாச் சோதிப்பாங்களாம், பையளை எல்லாம் கொட்டிப் பாப்பாங்களாம் எண்டு ரீவிக்காரன் சொல்லி முடிக்கேல்லை, இவளுக்கு முகம் வெளிறிப்போச்சு. ஏனெண்டு தெரியவேணுமெண்டால் யோகமலரைப் பற்றிச் சொல்லவேணும்.

கோப்பாய்ப் பெட்டை. தொண்ணூத்தைஞ்சிலை யாழ்ப்பாணத்தாலை எல்லாரும் எழும்பி ஓடேக்கை இவளுக்கு வயித்திலை எட்டு மாதம். கிளாலியாலை வள்ளம் ஏறி வன்னிக்குப் போய்ச் சேர்ந்து பிள்ளை பெத்தவள். புருசன்காரன் வீட்டுச் சாமான் எடுக்கவெண்டு திரும்பிப் போனவன், வரேல்லை. பிள்ளைக்குப் பேர் சாம்பவி. பிள்ளைக்கு ஆறு வயசு நடக்கேக்கை, தமையன் ஜெயரட்ணத்திட்டை விட்டிட்டு ஏஜென்சிக்காரனைப் பிடிச்சுக் கனடாவுக்கு வந்தாள். ஒரு வருசத்திலை பிள்ளையைக் கூப்பிடலாம் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவனாம். அவன் விழுவான் சொல்லுவான்தானே, அவனுக்கென்ன.

முதல் ரொறன்ரோவிலை, சென் ஜேம்ஸ் ரவுணிலை ஒரு அப்பார்ட்மென்ற்றிலை ஆறு பேரோடை இருந்தவள். பேந்து மோர்னிங்சைட்டுக்கு வந்து என்ரை பேஸ்மென்ற்றை எடுத்தாள். என்ரை மனுசன் செத்து ஆறு மாதம் அப்ப. வீட்டிலை ஒரு சத்தம் கேட்டாலே எனக்குக் காணும் எண்டிருந்தது. இவள் சத்தமே போடமாட்டாள். நிண்டபடி சாப்பிடுவாள், நிண்டபடி ரீவி பாப்பாள். என்ன பிள்ளை, ஆரும் துரத்தினமோ எண்டு கேட்டால், ஓம் அன்ரி எண்டுவாள். சமையல் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனா கை வேலை எண்டால் பேசப்படாது. என்ரை மனுசன்ரை பழைய றேடியோவை ஒரு பின்னேரத்திலை கழட்டிப் பூட்டிப் பாடவைச்சவள்.

பிள்ளையைக் கூப்பிட பேப்பர் எல்லாம் போட்டது. பிள்ளை கொழும்புக்கு வந்து மெடிக்கல் செய்யவேணும். வன்னியாலை வெளிக்கிட இயக்கத்தின்ரை பாஸ் வேணும், இங்காலை வர ஆமியின்ரை பாஸ் வேணும். ஒண்டு கிடைச்சால் மற்றது கிடைக்காது. இப்பிடியே ஆறு வருசம். பிள்ளை வளர வளர, இயக்கம் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போயிடுமோ எண்ட பயம் வேறை. இதெல்லாம் அப்ப வாய்விட்டுச் சொல்லேலாது. சொன்னால் எங்கடை சனமே துரோகி எண்டும். நான் சொல்லுவன், என்னை ஆர் என்ன செய்யிறது.

அவளுக்கு வேலை அஜின்கோர்ட்டிலை. பெரிய றோட்டாலை உள்ளுக்கு இறங்கினால், கார் திருத்துற இடத்துக்குப் பின்னாலை ஒரு சின்னக் கொம்பனி. பதினெட்டுப் பொம்பிளையள். ஏழை நாட்டுப் பிள்ளையளுக்கு மலிவு விலையிலை லப்ரொப் செய்யிற இடம். ஆபிரிக்காவுக்கும் வேறை எங்கையெங்கையோவுக்கும் பெட்டி பெட்டியாப் போகும். தோடம்பழ நிறத்திலை, ஒரேஞ் எண்டுவினமே, தூக்கிக்கொண்டு போகப் பிடி வைச்சு, வடிவான சாமான். கறண்ட் இல்லாத இடமெண்டால் பக்கத்திலை கழட்டிப் பூட்டுற ஒரு கைபிடி இருக்கு, தேங்காய் துருவுற மாதிரி அதைச் சுத்தினால் பற்றறி ஏறும். நானும் சுத்திப் பாத்தனான், நாரி பிடிச்சு நிமிரேலாமல் போனதுதான் மிச்சம்.

அதுக்குப் பொறுப்பா இருந்தவர் சுந்தரராஜன் எண்டு மெட்ராஸ்காரர். நல்ல மனுசன், ஆனா விலை குறைக்கிறதிலை விசரன். எட்டு ஸ்குறூ இருந்த மெசினை ஆறாக்கினவர். பெரிய பற்றறியை எடுத்துப்போட்டுச் சின்னப் பற்றறி வைச்சவர். அந்தச் சின்னப் பற்றறிக்குப் பின்னாலை ஒரு பெருவிரல் அளவு இடம் வெறுமையாக் கிடந்தது. அந்த இடம்தான் பேந்து எங்களுக்குக் குழி வெட்டினது.

யோகமலரின்ரை வேலை சோல்டர் பிடிக்கிறதும் பின்மூடியைப் பூட்டுறதும். பூட்டினாப் பிறகு ஒவ்வொரு மெசினையும் தன்ரை சின்னவிரலின்ரை நுனியாலை அடிச்சுப் பாப்பாளாம். ஏனம்மா முழுக்கையாலை அடிக்கலாமே எண்டு சுந்தரராஜன் கேட்டதுக்கு, “என்ரை மகளுக்கு இவ்வளவுதான் விரல், சேர்” எண்டாளாம். ஆறு வயசிலை விட்டிட்டு வந்த பிள்ளை. அதுக்கு அப்ப பன்னிரண்டு. விரல் வளராமல் இருக்குமோ? நான் சொல்லேல்லை. எனக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும்.

ரெண்டாயிரத்து எட்டு ஆனி மாதம் சிஸ்ரர் அன்ரனெற் எண்டு ஒரு கன்னியாஸ்திரி ரொறன்ரோவுக்கு வந்தா. வன்னியிலை அநாதைப் பிள்ளையள் இல்லம் நடத்துறவ, காசு சேர்க்க வந்தவ. திரும்பிப் போகேக்கை ஒரு சின்னச் சாமான் கொண்டுபோறன் எண்டா. யோகமலர் ஒரு மெசினை வாங்கினாள். சுந்தரராஜன் சும்மா தாறன் எண்டவர், இவள் மாட்டன் எண்டு காசு குடுத்து வாங்கினாள்.

புதுச் சாமான் வாங்கினால் நாங்கள் என்ன செய்வம்? கார் எண்டாலும் சரி, தையல் மெசின் எண்டாலும் சரி, விபூதி சந்தனம் பூசித்தானே எடுப்பம். பூசாமல் பிள்ளைக்கு அனுப்பாதை எண்டு நான்தான் சொன்னனான். கோயிலிலை அருச்சனை செய்து விபூதி கொண்டந்ததும் நான்தான். அப்ப அவள் யோசிச்சாள். சிஸ்ரர் வேதக்காரி. பட்டை பட்டையா விபூதி பூசின சாமானை அவவின்ரை கையிலை எப்பிடிக் குடுக்கிறது? உதவி செய்யிற மனுசியின்ரை மனம் நோகக்கூடாது. எனக்கும் அது சரியெண்டு பட்டுது. உள்ளுக்கை வை பிள்ளை, ஆருக்கும் தெரியாது எண்டன்.

விபூதியைச் சொக்கிளேற் சுத்தின வெள்ளிப் பேப்பரிலை மடிச்சாள். கோயில் நூலாலை நாலு சுத்துச் சுத்தினாள். மெசினுக்குள்ளை கொட்டுப்படக் கூடாதெண்டு, வேலைத்தலத்துக் கறுப்பு ரேப்பை அதுக்கு மேலை இறுக்கி ஒட்டினாள். பற்றறிக்குப் பின்னாலை இருந்த அந்த வெறும் இடத்திலை செருகினாள். அளவெடுத்துச் செய்தமாதிரி இருந்தது. ஆறு ஸ்குறூவும் பூட்டினாள். நான் கும்பிட்டன்.

ஆவணி மாதம் பிள்ளையிட்டை இருந்து ரெலிபோன் வந்தது. மெசின் கிடைச்சதாம், ஒழுங்கையிலை இருக்கிற பிள்ளையள் எல்லாம் வந்து பாக்குதுகளாம். யோகமலர் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டனான். சிரிச்சுப்போட்டுச் சொன்னாள்: “சாம்பவி, எதை விட்டாலும் இதை விடாதை. எங்கை ஓடினாலும் தூக்கிக்கொண்டு ஓடு. அம்மா பக்கத்திலை இருக்கிற மாதிரி. எனக்குச் சத்தியம் பண்ணு.” பிள்ளை சத்தியம் பண்ணினது.

தை மாதம் கடைசியா ஒருக்கா எடுத்தது. விசுவமடுவிலையும் இருக்கேலாதாம், எழும்பிப் போகினமாம். “மெசின் கையிலை இருக்கம்மா. பங்கருக்குள்ளை கைபிடியைச் சுத்தி வெளிச்சம் எடுக்கிறன்” எண்டது. அதோடை ரெலிபோன் செத்துப்போச்சு.

இப்ப விளங்குதோ? மாசி மாதம் அந்தச் செய்தியைக் கேட்டு அவள் என்னைப் பாத்துக் கத்தினதுக்குக் காரணம் இதுதான். பதின்மூண்டு வயசுக் குமர்ப்பிள்ளை. கையிலை ஒரு மெசின். அதைக் கழட்டினால் உள்ளுக்கை பற்றறி, பற்றறியோடை ஒட்டி ஒரு கறுப்பு ரேப் சுத்தின பொட்டலம், பொட்டலத்துக்குள்ளை சாம்பல் நிறப் பொடி. ஒருத்தி வெடிச்ச இடத்திலை துவக்கோடை நிக்கிறவன் அதைக் கண்டால் என்னெண்டு நினைப்பான்? பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது. அவனுக்கு விபூதியெண்டு ஆர் சிங்களத்திலை சொல்லுறது? பிள்ளைக்கே அது உள்ளுக்கை இருக்கிறது தெரியாது. நாங்கள் சொல்லேல்லை. சிஸ்ரருக்குத் தெரியவந்திடும் எண்டு சொல்லாமல் விட்டது.

அதுக்குப் பிறகு வீட்டிலை பயம் ஒரு ஆள் மாதிரி வந்து குடியிருந்தது. அவள் கீழையிருந்து ஏறி வந்தால் எனக்குப் பயம், என்ன செய்தியோ எண்டு. நான் கூப்பிட்டால் அவளுக்குப் பயம். ரெண்டு பேரும் கதைக்கிறதை விட்டிட்டம். நான் கோயிலுக்குப் போறதையும் விட்டிட்டன். போனால் ஐயர் விபூதி தருவார். அதை வாங்கக் கை வராது.

பங்குனியிலை ஒரு நாள் மத்தியானம் கதவிலை ஆரோ தட்டினாங்கள். யன்னலாலை பாத்தால் ரெண்டு பொலிஸ். அண்டைக்கு யோகமலர் காய்ச்சல் எண்டு வேலைக்குப் போகேல்லை. எனக்குப் பின்னாலை நிண்டு எட்டிப் பாத்தவள், விறுவிறெண்டு கீழை ஓடிப்போனாள். அந்த நேரம் எங்கடை ஆக்களின்ரை வீடுகளுக்குப் பொலிஸ் போய், ஊருக்கு என்ன அனுப்பினது, ஆருக்கு அனுப்பினது எண்டு விசாரிக்கிறதெண்டு ஊர்முழுக்கக் கதை. நான் கதவைத் திறந்து, எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலிசைச் சொன்னன். “நோ இங்கிலிஷ்.” அவங்கள் ஏதோ காட்டிக் காட்டிக் கதைச்சாங்கள். நான் எல்லாத்துக்கும் நோ எண்டன். கடைசியிலை ஒருத்தன் எதிர்வீட்டுக் காரைக் காட்டினான். கார்க் கண்ணாடி உடைஞ்சு கிடந்தது. ஆர் உடைச்சதெண்டு கண்டனியோ எண்டு கேக்கத்தான் வந்திருக்கிறாங்கள்.

கீழை போய்ப் பாத்தால் ஆளைக் காணேல்லை. வீட்டைச் சூடாக்கிற மெசின் இருக்கிற அறைக்குள்ளை, அந்தக் குழாய்க்குப் பின்னாலை குந்திக்கொண்டு இருக்கிறாள்.

“வெளியிலை வா. கார்க் கண்ணாடியாம்.”

“பொய் சொல்லாதேங்கோ அன்ரி.”

“எடியே, நான் என்னத்துக்குப் பொய் சொல்லுறன்? உன்னைப் பிடிச்சுக் குடுத்தால் எனக்கு ஆர் வாடகை தாறது?”

அப்பதான் வெளியிலை வந்தாள். தலை முழுக்க ஒட்டறை. நான் தட்டிவிட்டன். அண்டையிலையிருந்து திரும்பவும் கதைக்கத் துவங்கினம்.

வேலைத்தலத்திலையும் அவளுக்கு நிம்மதியில்லை. மனதுக்குள்ளை வைச்சிருக்க ஏலாமல் ஒரு நாள் சுந்தரராஜனிட்டைக் கேட்டிருக்கிறாள். “சேர், சும்மா கேக்கிறன். பற்றறிக்குப் பின்னாலை ஆராவது பொடி ஏதும் வைச்சால், பாக்கிறவைக்கு என்னெண்டு படும்?”

அந்தாளுக்குத் திக்கெண்டு போச்சு. “பொடியா? யாரும்மா வெச்சது? எந்த பேட்ச்ல?”

இவள் திரும்பித் தன்ரை மேசைக்குப் போட்டாள். அந்தாள் என்ன செய்தார் தெரியுமோ? அடுத்த நாள் கப்பலுக்குப் போக இருந்த இருநூறு மெசினையும் பெட்டி உடைச்சுக் கழட்டச் சொன்னார். பதினெட்டுப் பொம்பிளையளும் வாய்க்குள்ளை திட்டித் திட்டி ஆயிரத்து இருநூறு ஸ்குறூ கழட்டினவை. இவளும் இருந்து கழட்டினவள், ஒண்டும் தெரியாத மாதிரி. பின்னேரம் வரைக்கும் தாக்குப்பிடிச்சாள். பேந்து அவரின்ரை அறைக்குள்ளை போய்க் கொட்டித் தீர்த்தாள். பிள்ளை, சிஸ்ரர், விபூதி, ரேப், எல்லாம்.

வேலை போச்செண்டுதான் நினைச்சாளாம். மனுசன் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு, “இந்த இடத்துல செஞ்ச முதல் மெஷினுக்கு நானே சந்தனம் வெச்சேம்மா. வெள்ளைக்காரங்க பாக்கறதுக்குள்ள துடைச்சிட்டேன்” எண்டாராம். பேந்து கேட்டாராம், “அங்க செக் பண்றவங்க மெஷினைக் கழட்டுவாங்களா? ஆறு ஸ்க்ரூ இருக்கே, பொறுமை இருக்குமா?”

“எட்டா இருந்திருந்தால் நல்லம், சேர்” எண்டாளாம் இவள்.

அந்தாள் கண்ணாடியை எடுத்துத் திரும்பப் போட்டாராம்.

சித்திரையிலை சனம் அள்ளுகொள்ளையா வெளியிலை வந்தது. புதுமாத்தளன் பக்கம். தண்ணிக்குள்ளாலை இடுப்பளவிலை நடந்து வருகுதுகள், தலையிலை பை, தோளிலை பிள்ளை. ரீவியிலை அதைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டினாங்கள். யோகமலர் ரீவிக்குக் கிட்டப்போய், மூக்கு முட்டுற அளவிலை நிண்டு பாப்பாள். முகத்தைத் தேடேல்லை. முகம் தெரியாது, எல்லாம் எறும்பளவு. தோடம்பழ நிறத்தைத் தேடினவள்.

“அந்த மூலையிலை பாருங்கோ அன்ரி, அது தோடம்பழமோ சிவப்போ?”

“சிவப்படி. அது வாளி.”

“அப்பாடா” எண்டுவாள். அடுத்த நிமிசம் அழுவாள். கண்டால் பிள்ளை உயிரோடை இருக்குது, ஆனா மெசினோடை ஆமியிட்டைப் போகுது. காணாட்டில் மெசின் இல்லை, பிள்ளையும் இருக்குதோ தெரியாது. எதைக் கேட்டுக் கும்பிடுறதெண்டு தெரியாமல் ரெண்டு பேரும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலை நிண்டம்.

ரொறன்ரோவிலை எங்கடை சனம் முழுக்க அப்ப றோட்டிலை. யூனிவேர்சிற்றி அவெனியூவிலை குளிருக்குள்ளை இருந்து கத்துதுகள். நானும் முழங்காலிலை எண்ணெய் பூசிக்கொண்டு போனனான். எல்லாரும் கொடி பிடிச்சவை, சத்தம் போட்டவை. யோகமலர் ஒரு சத்தமும் போடேல்லை. புதுசா வந்த ஆக்களைப் பிடிச்சுப் பிடிச்சு ஒரே கேள்விதான் கேட்டவள்: “உங்கடை ஆக்கள் ஆரும் வெளியிலை வந்தவையோ? சோதிக்கிறவங்கள் சாமானைக் கழட்டிப் பாக்கிறாங்களாமோ?” சிலர் ஓமெண்டினம், சிலர் இல்லையெண்டினம். ஒரு மனுசன் சொன்னார், கறுப்பு ரேப் சுத்தின சாமான் கண்டால் அந்த இடத்திலையே சுடுறாங்களாம் எண்டு. அந்தாளுக்கு என்ன தெரியும்? ஒண்டும் தெரியாது. வாயிலை வந்ததைச் சொன்னவர். ஆனா இவள் அந்த இடத்திலையே றோட்டுக் கரையிலை குந்திச் சத்தி எடுத்து வாயைத் துடைச்சாள்.

வைகாசி பத்தாம் திகதி சனம் பெரிய ஹைவேயை மறிச்சு ஏறினது. அண்டைக்குக் கனடாவிலை அன்னையர் தினமாம். இவளும் ஏறினாள். நான் ஏறேல்லை, கீழை நிண்டன். கார் எல்லாம் நிண்டுபோய்க் கிடக்க, பிள்ளைத்தள்ளுவண்டியோடை தாய்மார் அந்த ஹைவேயிலை இருக்கினம். எனக்கு அதைப் பாக்க வீரம் வரேல்லை. பயம்தான் வந்தது. இவ்வளவு சனம் இவ்வளவு கத்தியும் ஒருத்தரும் கேக்கேல்லையெண்டால், ஒரு பதின்மூண்டு வயசுப் பிள்ளை சொல்லிறதை அங்கை ஆர் கேக்கப்போறான்?

ஒன்பது நாளிலை எல்லாம் முடிஞ்சுது எண்டான் ரீவிக்காரன். எங்கடை றோட்டிலை ஒரு வீட்டிலையும் சத்தமில்லை. யோகமலர் அடுத்த நாள் காலமை வேலைக்குப் போனாள். நான் மறிச்சன், கேக்கேல்லை. அண்டையிலையிருந்து ஒவ்வொரு மெசினையும் பூட்ட முதல், பற்றறிக்குப் பின்னாலை இருக்கிற அந்த இடத்துக்குள்ளை விரலை விட்டுத் தடவிப் பாப்பாளாம். வேலை பிந்தும்.

வைகாசி கடைசி. வியாழக்கிழமை காலமை ஏழு மணி. யோகமலர் பஸ்ஸுக்குப் போக, என்ரை வாசலிலை குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளின்ரை ரெலிபோன் அடிச்சது. நீளமான நம்பர் எண்டாள். எடுக்கப் பயப்பிட்டாள். நான்தான் பறிச்சு அமத்தி, ஸ்பீக்கரிலை போட்டன்.

“அம்மா?”

நான் கேட்டன், “ஆரது?”

“சாம்பவி. செட்டிகுளம் அகதிக் காம்பிலை இருந்து. ஒரு அங்கிளின்ரை போன், கனநேரம் கதைக்கேலாது. அம்மா இல்லையோ?”

“நிக்கிறன்!” எண்டு கத்தினாள் யோகமலர். சாப்பிட்டியோ எண்டு கேக்கேல்லை. காயம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கேல்லை. நாலு மாதமாத் தொண்டைக்குள்ளை கிடந்ததுதான் முதல் வந்தது. “மெசின் எங்கை? அந்த மெசின் எங்கையடி?”

அந்தப் பக்கம் பிள்ளையள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சாம்பவி!”

“ஏசுவியளோ அம்மா?”

“சொல்லு!”

“அம்மா... நான் அதைக் குடுத்துப்போட்டன். சித்திரை வருசத்துக்கு முந்தியே. ஜெயரட்ணம் மாமாவுக்குத் தொடையிலை செல் துண்டு பட்டு, செஞ்சிலுவைக் கப்பலிலை ஏத்திக்கொண்டு போட்டினம். இப்ப ஆஸ்பத்திரியிலை உயிரோடைதான் இருக்கிறாராம். நான் தனிய. பக்கத்துப் பங்கரிலை இருந்த ஒராள் வெளிச்சத்துக்கு வேணும், தா எண்டு கேட்டவர். நான் சத்தியம் பண்ணினனான்தான் அம்மா, ஆனா...”

யோகமலர் ஒரு கையாலை வாயைப் பொத்திக்கொண்டு நிலத்திலை இருந்திட்டாள். ஒரு சப்பாத்துக் காலிலை, மற்றது கையிலை. எனக்கும் அப்பதான் மூச்சு வந்தது. மெசின் இல்லாமல்தான் பிள்ளை வந்திருக்குது. நாங்கள் நாலு மாதம் செத்துச் செத்துப் பிழைச்சது இல்லாத சாமானுக்கு.

அப்ப பிள்ளை சொன்னது: “ஆனா பின்னாலை இருந்த பொட்டலத்தை நான் குடுக்கேல்லை அம்மா. அது என்னட்டைத்தான் இருந்தது.”

“எந்தப் பொட்டலம்?”

“கறுப்பு ரேப் சுத்தினது. அந்தப் பக்கத்துப் பங்கர் மாமா பற்றறியைப் பாக்கக் கழட்டினவர், அப்ப விழுந்தது. நூலைக் கண்டோடனை கோயில் சாமான் எண்டு தெரிஞ்சுது. அம்மா வைச்சதெண்டு நினைச்சுச் சட்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு வந்தனான்.”

யோகமலர் என்னைப் பாத்தாள். பிள்ளை ரெலிபோனிலை கதைக்குது, உயிரோடை இருக்குது, அது தெரியுது. எண்டாலும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோச்சு. பொடியையும் ரேப்பையும் உடம்போடை வைச்சுக்கொண்டு அந்தப் பிள்ளை அவங்களுக்கு முன்னாலை போய் நிண்டிருக்குது.

“சோதிச்சவங்களோ?” யோகமலரின்ரை குரல் கிணத்துக்குள்ளையிருந்து வாறமாதிரி.

“ஓம். அதை எடுத்தோடனை எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிப்போட்டு, என்னை மட்டும் தனிய நிப்பாட்டினவங்கள். கையைத் தூக்கச் சொன்னவங்கள். எனக்கு மூத்திரம் போட்டுது அம்மா. பேந்து ஒரு வயசான ஆமிக்காரன் கிட்ட வந்து, ரேப்பை மெதுவாப் பிச்சு, மணந்து பாத்தான். பாத்திட்டுக் கீழை கொட்டிப்போட்டு, கையைக் காற்சட்டையிலை துடைச்சிட்டுப் போ எண்டான்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

நான் ரெலிபோனுக்குக் கிட்டக் குனிஞ்சன். “பிள்ளை, நான்தான் மேல்வீட்டு அன்ரி. அந்த விபூதி நான் குடுத்தது. என்னை மன்னிச்சுக்கொள்.”

“ஏன் அன்ரி?” எண்டது பிள்ளை. அதுக்கு ஒண்டும் விளங்கேல்லை. விளங்காமலே இருக்கட்டும்.

பின்னாலை ஆரோ ஆம்பிளைக் குரல் கெதியா, கெதியா எண்டது. பிள்ளை அவசர அவசரமாக் கேட்டது, “அம்மா, மெசினைக் குடுத்ததுக்குக் கோவமோ? சொல்லுங்கோ, கோவமோ?”

“இல்லையடி. என்ரை குஞ்சு, கோவமில்லை. சும்மாவே குடுத்தனி?”

“இல்லை, அரிசி வாங்கினனான்.”

“எவ்வளவு?”

“ஒரு சுண்டு, ஒரு பால்பேணி அளவு. அதுக்கு மெசின் மட்டும் காணாதெண்டு அந்தப் பங்கர் மாமா சொன்னவர், கைபிடியையும் சேத்துத்தான் குடுத்தனான் அம்மா.”